திவே காட் ஏறிய ஒரு நாள்

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று நாட்கள் புனேயின் முக்கியச் சாலைகள் மூடப்படுவது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளி பஸ் வராது, பால் தாமதமாகும். "பல்லக்கு வந்துவிட்டது" என்று சலித்துக்கொள்வோம். நானும் முப்பது வருடம் சலித்துக்கொண்டவன்தான். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அதனோடு ஒரு நாள் நடந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. முழங்கால் சம்மதிக்கவில்லை. அதைக் கேட்காமலே புறப்பட்டேன்.

1296-இல் ஆளந்தியில் சமாதியடைந்த ஞானேச்வரரின் பாதுகைகளைத் தாங்கி, ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர் செல்வது இந்தப் பல்லக்கு. ஆஷாட ஏகாதசிக்குப் போய்ச் சேர வேண்டும். இதன் இன்றைய ஒழுங்கை 19-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியவர் ஹைபத்பாபா. சிந்தியாவின் படையில் இருந்தவர் என்பதை அறிந்தால், அணிவகுப்பு ஏன் இத்தனை கட்டுக்கோப்பு என்பது புரியும்.

இந்த யாத்திரையில் கடினமான நாள் புனேயிலிருந்து சாஸ்வட் வரை நடக்கும் நாள்தான். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவில் திவே காட் மலையேற்றம். அந்த நாள் பெரும்பாலும் ஏகாதசியாக அமைவதால் வழியெல்லாம் கிடைப்பது ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலை, வாழைப்பழம். நம் வீட்டு ஏகாதசியை விட வயிறு நன்றாகவே நிரம்பியது.

விடியற்காலையில் கிளம்பினோம். வார்க்கரிகள் 'திண்டி' என்னும் குழுக்களாக நடக்கிறார்கள். ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, இடம் உண்டு. முன்னால் காவிக் கொடிகள், பிறகு தாளக்காரர்கள், நடுவில் மிருதங்கம், வீணை ஏந்திய ஒருவர், துளசி மாடத்தைத் தலையில் சுமந்த பெண்கள். கூடாரமும் அரிசி பருப்பும் லாரியில் முன்னதாகவே போய்விடும். இத்தனைக்கும் சிக்னல் இல்லை, கார்டு இல்லை.

ஹடப்சரைத் தாண்டியதும் என்னோடு சேர்ந்துகொண்டவர் பர்பணிப் பக்கத்து விவசாயி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னைக் கண்டதும் குனிந்து என் காலைத் தொட்டார். நான் பதறிப் பின்வாங்கினேன். இங்கே ஒருவரை ஒருவர் 'மாவுலி', அதாவது 'தாயே' என்றுதான் அழைக்கிறார்கள். வயது பாராமல் வணங்குகிறார்கள். ஞானேச்வரருக்கும் அதே பெயர்தான். பிறகு நானும் அவர் காலைத் தொட்டேன். முழங்கால் முனகியது.

"விதைத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"மழை இல்லை மாவுலி. விதை வீட்டில் இருக்கிறது. பெய்தால் மகன் போடுவான்."

பருத்தியும் சோயாவும் போடும் நிலமாம். விதைப்பு முடித்துவிட்டு யாத்திரைக்கு வருவதுதான் வழக்கம் என்று நான் படித்திருந்தேன். அதைச் சொன்னதற்கு அவர் சிரித்தார். "மழை வரும் நாளில் வரும். பல்லக்கு கிளம்பும் நாள் மாறாதே."

வட்கியில் சற்று ஓய்வு. பிறகு மலை. சாயங்காலம் நாங்கள் ஏறத் தொடங்கியபோது, ரதத்தில் கூடுதல் காளை ஜோடிகளைப் பூட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கர்ஜத்திலிருந்து லோணாவளா ஏறும் ரயிலுக்கு 37-க்கு 1 என்ற ஏற்றம். அதற்காகப் பின்னால் பேங்கர் என்ஜின்களைப் பூட்டுவோம். இங்கே அதே கணக்கு, முன்பக்கமாக. வளைவு ஒன்றில் நின்று கீழே பார்த்தேன். வந்த சாலை முழுக்க வெள்ளைத் தொப்பிகள்.

மேலே ஏறியதும் புரந்தர் சமவெளி. அத்தித் தோட்டங்களும் சீதாப்பழத் தோட்டங்களும் நிறைந்த பூமி. மலையின் மறைவில் இருப்பதால் மழை குறைவு. உழுது போட்ட வயல்கள் காய்ந்து கிடந்தன. பர்பணிக்காரர் வரப்பில் இறங்கி ஒரு கட்டியை எடுத்து நொறுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சாஸ்வட் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஞானேச்வரரின் தம்பி சோபான தேவரின் சமாதி இருக்கும் ஊர் அது. அங்கே நான் கண்டதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பல்லக்கைச் சுற்றித் திண்டிகள் எல்லாம் நிற்க, தாள ஓசை காதைப் பிளக்கிறது. சோப்தார் தம் வெள்ளித் தடியை உயர்த்துகிறார். ஒரே நொடியில் நிசப்தம். ஆனால் ஒரு மூலையில் ஒரு திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தவில்லை. ஒழுங்கீனம் என்று நினைத்தேன். "குறை இருக்கிறது என்று அர்த்தம்" என்றார் என் நண்பர். குறை உள்ள திண்டி தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். சோப்தார் அங்கே போய், கேட்டு, சமாதானம் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஆரத்தி. அன்றைய குறை தண்ணீர் லாரி பற்றியது. மனுவும் இல்லை, மேலதிகாரிக்கு நகலும் இல்லை. சில நிமிடங்களில் தாளம் நின்றது. என் உத்தியோக காலத்துக் கோப்புகள் சில நினைவுக்கு வந்தன.

நடக்க விரும்பும் அன்பர்களுக்கு: பழகிய செருப்பையே அணியுங்கள், புதியது வேண்டாம். அன்று திவே காட்டில் வாகனம் செல்லாது. போப்தேவ் காட் வழியாகத்தான் திரும்ப வேண்டும். இரவு தங்கிவிட்டால் ஆரத்தியைப் பார்க்கலாம்.

இரவில் சிறு தூறல் விழுந்தது. பர்பணிக்காரர் கூடாரத்துக்கு வெளியே நின்று மகனுக்குப் போன் செய்தார். அங்கே பெய்யவில்லையாம். காலையில் நான் பஸ் பிடிக்கக் கிளம்பியபோது அவர் தம் செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.