ஆர்டர் எண் இல்லாத பில்

அலுவலகத் தபாலில் ஒரு பில் வருகிறது. தொழில் முகவரிக் கையேட்டில் உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சேர்த்ததற்கு ஓராண்டுச் சந்தா பாக்கி என்கிறது. மேலே சிவப்பில் ‘இறுதி நினைவூட்டல்’. முகவரியில் பிழை இல்லை, தொகையும் பெரிதல்ல. அந்தச் சந்தாவை யாரும் கேட்டதே இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட பில்களுக்குப் பணம் போகிறது. கணக்குப் பிரிவின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமல்ல. ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர். பின்னவர் கையில் இருப்பது வெறும் காகிதம். வேறு பிரிவில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைப்பது இயல்பு. பில் அனுப்புகிறவர் நுழைவது அந்த இடைவெளியில்தான். லித்துவேனியாவின் எவால்தாஸ் ரிமசாஸ்காஸ், தைவான் சப்ளையர் ஒருவரின் பெயரில் போலி பில்களை அனுப்பி, 2013 முதல் 2015 வரை கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டுச் சிறை விதித்தது. அந்த இரு நிறுவனங்களிலும் கணக்குப் பார்ப்பவர்களுக்கா பஞ்சம்?

இந்த இடைவெளியை அடைக்கக் கணக்குத் தொழிலில் பழகிய முறை ஒன்று உண்டு. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான சீட்டு, பில் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். பொருள், அளவு, விலை மூன்றும் ஒத்துப்போனால்தான் பில் பாஸ் ஆகும். சந்தாவில் இந்த முறை நொண்டுகிறது. கிடங்கில் வந்து இறங்க மூட்டை கிடையாது. நடுச்சீட்டு இல்லாமல் போகிறது. அதனால் சந்தா ஒவ்வொன்றுக்கும் அதைப் பயன்படுத்தும் ஒருவரின் பெயர் பதிவில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அவர் கையெழுத்திட வேண்டும். பெயரும் ஆர்டர் எண்ணும் இல்லாத பில் நகரக் கூடாது.

சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். நீங்கள் அப்படிக் கேட்பீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தொகையே வைக்கப்படுகிறது. ஒருமுறை கொடுத்தால் அடுத்த ஆண்டும் வரும். நேர்மையான சப்ளையருக்குத் தாமதமாகுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். ஆனால் அவரிடம் ஆர்டர் நகல் இருக்கும், கேட்டதும் அனுப்பிவிடுவார். ஊழியர் ஒருவர் இலவசச் சோதனைக்குப் பதிந்துவிட்டு மறந்திருக்கவும் கூடும். ஆகவே எடுத்த எடுப்பில் மோசடி என்று குற்றம் சாட்டாமல் ஆதாரம் கேட்பதுதான் முறை. சட்டமும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். பிரிட்டனின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, கையேட்டில் பெயர் சேர்த்ததற்குக் கட்டணம் கேட்பவர் முறையான ஆர்டரையோ ஒப்பந்தக் குறிப்பையோ காட்ட வேண்டும். அமெரிக்காவில் பில் போன்ற தோற்றத்தில் தபாலில் விளம்பரம் அனுப்பினால், இது பில் அல்ல என்று அதிலேயே தெளிவாக அச்சிட்டாக வேண்டும்.

பதில் இரண்டு வரி போதும்: ‘ஆர்டரின் நகலையும் ஆர்டர் கொடுத்தவரின் பெயரையும் அனுப்புங்கள். சரிபார்த்த பிறகே பணம்.’ பில்லில் உள்ள தொலைபேசி எண்ணை மட்டும் அழைக்க வேண்டாம். ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது என்று மின்னஞ்சலில் வரும் போலி பில்கள், அந்த எண்ணை அழைக்க வைப்பதற்காகவே எழுதப்படுபவை. எதிர்முனையில் பேசுபவர் உங்கள் கணினியைத் தன் கைக்குக் கொண்டுபோகப் பார்ப்பார். அனுப்பிய பதிலின் நகலைப் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த நினைவூட்டல் வரும் நாளில் அந்த மேசையில் வேறொருவர் இருக்கலாம்.