சுடாத செங்கல்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? கார், மோட்டார் சைக்கிள், லாரி என்று வண்டிகள் செய்யும் தொழிற்சாலைகள் வழிநெடுக இருக்கும். சாலையை விட்டு ஊருக்குள் நுழைந்தால் வேறு காட்சி. தகரக் கூரை போட்ட வாடகை அறைகளில் பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் தங்கியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில்தான் தூங்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே தூக்கம் வருமா?

என்னிடம் படித்து, இப்போது ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் அண்மையில் வந்திருந்தான். "சார், வெளிநாடு போகிறவர்கள் அங்கேயே சில வாரம் தங்கி, மண் வீடு கட்டும் பணியில் தொண்டு செய்கிறார்களாம். பணம் சேர்த்துக்கொண்டு நானும் போகலாமா?" என்று கேட்டான். உங்களுக்கும் ஒருநாள் அந்த ஆசை வரலாம். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லை தாண்டி வந்த கைகள்

இது புதிய பழக்கம் அல்ல. பியர் செரசோல் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1920இல், முதல் உலகப்போரில் அழிந்த பிரெஞ்சு கிராமம் ஒன்றைத் திரும்பக் கட்டப் பல நாட்டுத் தொண்டர்களைக் கூட்டிச் சென்றார். எதிரி நாடாக இருந்த ஜெர்மனியைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. செரசோல் சில நண்பர்களுடன் இங்கே வந்து, ஊர்மக்களோடு சேர்ந்து வீடுகள் கட்டினார்.

இன்று நம் பக்கத்திலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஆரோவில்தான் அது. 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு அந்நகரைத் தொடங்கினார்கள். அங்கே ஹட்கோ நிறுவனத்தின் ஆதரவோடு 1989இல் மண் கட்டடப் பிரிவு ஒன்று பிறந்தது. அதுவே இன்றைய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட். மண்ணால் கட்டும் முறையைக் கற்கவும் கைகொடுக்கவும் வெளிநாட்டார் பலர் அங்கே வருகிறார்கள். நம் நாட்டவர் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய 'ஆஸ்ட்ரா' குழுவும் மண் கல் அழுத்தும் எந்திரத்தை உருவாக்கியது.

ஒரு கல்லுக்குள் இயற்பியல்

செங்கல் சூளையின் வெப்பநிலை சுமார் ஆயிரம் டிகிரி செல்சியஸை எட்டும். அதற்கு எவ்வளவு விறகோ நிலக்கரியோ வேண்டும்! ஆரோவில் கல்லைச் சுடுவதில்லை. ஈர மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்துகிறார்கள். நீண்ட நெம்புகோலை ஆட்கள் இழுக்க, கல்லின்மேல் ஏறத்தாழ 15 டன் விசை விழுகிறது.

கணக்குப் போடுவோமா? கல்லின் முகம் 24 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம்; பரப்பு 576 சதுர செ.மீ. 15,000 கிலோ எடையை 576ஆல் வகுத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 26 கிலோ வருகிறது. 60 கிலோ எடையுள்ள நீங்கள் இரு கால்களால் நிற்கும்போது, பாதங்களின் பரப்பு 400 சதுர செ.மீ. என்று கொண்டால், தரைமேல் விழும் அழுத்தம் 0.15 கிலோதான். அதைப்போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் மண் துகள்களின் இடையே உள்ள காற்று வெளியேறி, கல் இறுகுகிறது.

சிமெண்டு எதற்கு? களிமண் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்டு மணல் துகள்களைப் பிணைத்து, மழையில் கல் கரையாமல் காக்கிறது. அந்தப் பிணைப்பு வலுப்பெற நான்கு வாரம் கல்லை ஈரமாக வைத்திருக்க வேண்டும். சிமெண்டு செய்யவும் சூளை எரிய வேண்டும் என்பதால்தான் அதை அளவாகச் சேர்க்கிறார்கள். நாட்டுச் செங்கல்லுக்குச் செலவாகும் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கே இந்தக் கல்லுக்குப் போதும் என்பது அந்நிலையத்தின் கணக்கு.

இன்னொரு நன்மையும் உண்டு. தகரம் வெயில் பட்டவுடன் சுடும். தடித்த மண் சுவர் வெப்பத்தை மெல்ல மெல்லவே உள்ளே விடும். மண் கல்லாலேயே வளைவுக் கூரையும் அமைக்கலாம்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் ஒரு கோடை முகாமில் மண் கற்கள் செய்தேன். ஏரி மண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, சோதிக்காமல் எடுத்துக்கொண்டோம். இருநூறு கல் அறுத்து, இடுப்புயரச் சுவரும் எழுப்பினோம். காய்ந்ததும் வெடிப்பு விட்டது. ஐப்பசி மழையில் ஒரு மூலை கரைந்து விழுந்தது. வேடிக்கை பார்த்த முதிய கொத்தனார் ஒருவர், அந்த மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இது பானைக்கு ஆகிற மண்ணு சார், சுவத்துக்கு ஆகாது" என்றார். முதல் நாளே அவரைக் கேட்டிருக்கலாம்! நல்லவேளை, அந்தச் சுவரை நம்பி யாரும் குடியிருக்கவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் ஊர் மண்ணைக் கண்ணாடிச் சீசாவில் பாதியளவு போடுங்கள். நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். சரளையும் மணலும் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் படியும். களிமண் படிய ஒரு நாள் கூட ஆகலாம். அடுக்குகளை அளவுகோலால் அளந்து குறியுங்கள். சிமெண்டு சேர்த்துச் செய்யும் கல்லுக்கு நூற்றில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20 என்ற கலவை ஏற்றது. சீசா காட்டுவது தோராயமே. வீடு கட்டுமுன் முறையான சோதனை வேண்டும்.

இளைஞனுக்குச் சொன்ன பதில்

"போய் வா. ஆனால் போகுமுன் நான்கு கேள்விகள் கேள். இந்தக் கட்டடம் வேண்டும் என்று கேட்டது அந்த ஊர் மக்களா? உன் இலவச உழைப்பால் உள்ளூர்க் கொத்தனாரின் கூலி போகிறதா? மண்ணையும் கல்லையும் சோதிக்கத் தெரிந்தவர் உடன் இருக்கிறாரா? உன் விசா இப்பணிக்கு இடம் தருகிறதா? பல நாடுகளில் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத வேலைக்கும் அனுமதி இல்லை. நீ இரண்டு வாரத்தில் திரும்பி விடுவாய், அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பம் ஐம்பது ஆண்டு வாழ வேண்டும்" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். "முதலில் ஆரோவில் போய்க் கற்றுக்கொள்கிறேன் சார். எங்கள் அறைக்குப் பின்னால் இருக்கும் மண்ணையும் சீசாவில் போட்டுப் பார்க்கிறேன்" என்றான். அந்தச் சீசா என்ன சொல்லப் போகிறது என்று நானும் காத்திருக்கிறேன்.