பந்து வராத பக்கத்தில் ஓடியவர்

கால்பந்து வீரர்களின் பெயரில் வெளிவரும் நூல்களில் பெரும்பாலானவை, அவர்கள் சொல்லச் சொல்லப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிக் கொடுத்தவை; பட்டங்களையும் கோல்களையும் காயங்களையும் வரிசைப்படுத்திச் சொல்லி முடிந்துவிடும் அந்நூல்களிலிருந்து, ஆடுபவரின் மனத்துக்குள் ஆட்டம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை வாசகர் அறிந்துகொள்வது அரிது. இந்தக் குறையைத் தம் சொந்த எழுத்தால் ஈடுசெய்தவர்களுள் முதன்மையானவர் அர்ஜென்டினாவின் ஹோர்ஹே வால்டானோ. 1986 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக அர்ஜென்டினாவின் இரண்டாவது கோலை அடித்தவர் அவர். எனினும் ஸ்பானிய மொழி வாசகர்களிடையே அவருக்கு இன்றுள்ள மதிப்பு அந்தக் கோலால் மட்டும் கிடைத்ததன்று. ஒரு முன்கள வீரரின் அச்சத்தையும் காத்திருப்பையும் ஏமாற்றத்தையும் தெளிவான உரைநடையில் எழுத முடியும் என்று அவர் காட்டியதே அதற்குப் பெரிய காரணம்.

1955 அக்டோபர் 4 அன்று சாந்தா ஃபே மாகாணத்தின் லாஸ் பரேஹாஸ் என்ற சிற்றூரில் பிறந்த வால்டானோ, அம்மாகாணத்தின் பெருநகரும் பரானா ஆற்றங்கரைத் துறைமுகமுமான ரொசாரியோவில், நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் கழகத்துக்காக 1973இல் ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அக்கழகம் தன் வரலாற்றின் முதல் தேசியப் பட்டத்தை வென்றது. 1975இல், 19 வயதில், அவர் கடல் கடந்து ஸ்பெயினுக்குச் சென்றார். 1962 முதல் வெளிநாட்டு வீரர்களுக்குத் தடை விதித்திருந்த ஸ்பெயின், 1973இல் அத்தடையை நீக்கி, ஒரு கழகம் இரண்டு வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தது. அதையடுத்து ஹாலந்தின் யோஹன் கிரைஃப் போன்ற புகழ்பெற்றவர்கள் பார்சலோனா போன்ற பெருங்கழகங்களுக்கு வந்தபோது, பெயர் தெரியாத தென்னமெரிக்க இளைஞர்கள் பலர் சிறிய கழகங்களுக்கு வந்து சேர்ந்தனர். வால்டானோவுக்குக் கிடைத்த இடம், பாஸ்க் நிலப்பகுதியின் விட்டோரியா நகரில், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அலாவேஸ் கழகம்.

அவர் சென்று சேர்ந்த காலம் சாதாரணமானதன்று. 1975 நவம்பர் 20 அன்று ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தார். நான்கு மாதங்களுக்குப் பின், 1976 மார்ச் 24 அன்று, அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஒரு நாடு சர்வாதிகாரத்திலிருந்து மெல்ல வெளியேறிக்கொண்டிருக்க, விட்டு வந்த நாடு அதற்குள் மூழ்கியதை அந்த இளைஞர் அயல்மண்ணிலிருந்து பார்க்க நேர்ந்தது. ஃபிராங்கோவுக்குப் பிந்தைய மாற்றமும் அமைதியாக நிகழ்ந்துவிடவில்லை என்பதற்கு விட்டோரியாவே சாட்சி: 1976 மார்ச் 3 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது அந்நகரில் காவல்துறை சுட்டதில் ஐந்து பேர் உயிரிழந்தனர். கால்பந்தைச் சமூகத்திலிருந்து பிரித்துப் பார்க்காத அவருடைய பிற்கால எழுத்தின் வேர்கள் இந்த ஆண்டுகளில் இருக்கின்றன என்று கருதுவதில் தவறில்லை.

வெளிநாடு சென்றதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1978இல் அர்ஜென்டினாவிலேயே நடைபெற்ற உலகக் கோப்பைக்குப் பயிற்சியாளர் மெனோட்டி தெரிந்தெடுத்த அணியில், வெளிநாட்டுக் கழகத்தில் ஆடியவர் வலென்சியாவின் மாரியோ கெம்பெஸ் ஒருவர் மட்டுமே. வால்டானோவுக்கு அவ்வணியில் இடமில்லை. ஆயினும் ஆட்டத்தைப் பற்றிய கொள்கையில் அவர் எப்போதும் மெனோட்டியின் பக்கமே நின்றார். அர்ஜென்டினாவில் மெனோட்டியை ஒட்டியும், 1986 உலகக் கோப்பை அணியின் பயிற்சியாளர் பிலார்டோவை ஒட்டியும் இரண்டு கட்சிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன: அழகாகவும் துணிவாகவும் ஆடி வெல்ல வேண்டும் என்பது முன்னவரின் கட்சி; எதிரணியை ஆராய்ந்து, கட்டுப்படுத்தி, எவ்வாறாயினும் வெல்ல வேண்டும் என்பது பின்னவரின் கட்சி. மெனோட்டியின் கொள்கையை நம்பியவர் பிலார்டோவின் அணியில் உலகக் கோப்பையை வென்றார் என்ற முரண், வால்டானோவின் கட்டுரைகளுக்கு ஒரு விவாதத் தன்மையைத் தந்தது எனலாம்.

அலாவேஸில் நான்கு ஆண்டுகள், சரகோசாவில் ஐந்து ஆண்டுகள் ஆடிய பின், 1984இல் அவர் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான யூஇஎஃப்ஏ கோப்பையை அவ்வணி 1985இலும் 1986இலும் தொடர்ந்து வென்றது. அன்று அப்போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிகளும் தத்தம் மைதானத்தில் ஒருமுறை என இருமுறை மோதி, இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்த்து வெற்றி முடிவு செய்யப்பட்டது. வெளியூரில் படுதோல்வி அடைந்து, தன் சான்டியாகோ பெர்னபேவு அரங்கில் அதைத் தலைகீழாக்குவது அன்றைய மாட்ரிட்டின் வழக்கமாக இருந்தது. பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட்டிடம் 3-0 எனத் தோற்று, உள்ளூரில் 6-1 என வென்றது. ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக்கிடம் 5-1 எனத் தோற்றபின், உள்ளூரில் 4-0 என வென்று, கூட்டுத்தொகை சமமானாலும் வெளியூரில் அடித்த ஒரு கோலின் பலத்தால் முன்னேறியது. இவ்விரண்டு மறு ஆட்டங்களிலும் வால்டானோ இரண்டிரண்டு கோல்கள் அடித்தார்.

இத்தகைய இரவுகளில் எதிரணி வீரர்களுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியே அவரை எழுத்தாளராக அடையாளம் காட்டியது. தத்துவ அறிஞர் ஒர்தேகா இ காசெத் 1923இல் நிறுவிய 'ரெவிஸ்டா தே ஒக்ஸிதெந்தே' என்ற அறிவுலக இதழில், 1986இல், ஆடிக்கொண்டிருந்த வீரராகவே அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட்டத்தின் முன் பேச எழும் ஒருவரைப் பற்றிக்கொள்ளும் பயத்தைக் குறிக்க நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் கையாண்ட 'மேடை அச்சம்' என்ற தொடரை எடுத்து, அவர் அதை மைதானத்துக்குப் பொருத்தினார். நிரம்பி வழியும் அரங்கின் ஆரவாரம் வருகை தரும் வீரரின் காலை அல்ல, அவருடைய தன்னம்பிக்கையையே முதலில் தாக்குகிறது. பழகிய செயல்கூட அப்போது கடினமாகிவிடுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். ஸ்பானிய விளையாட்டுச் செய்திகளில் அத்தொடர் இன்று யார் சொன்னது என்று எவரும் கேட்காத அளவுக்குப் பொதுவழக்காகிவிட்டது.

அதே 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவின் அஸ்டெகா அரங்கில், டியேகோ மரடோனா தம் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துச் சென்று இங்கிலாந்து வீரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து கோல் அடித்தபோது, பந்தை வாங்கிக்கொள்ளத் தயாராக மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தவர் வால்டானோ. பந்து அவருக்கு வரவில்லை. தமக்கு அதைக் கொடுக்க இடம் தேடிக்கொண்டே ஓடியதாக ஆட்டத்துக்குப் பின் மரடோனா சொன்னதையும், அத்தகைய வேகத்தில் எதிரிகளை ஏமாற்றும்போதே தொலைவில் இருக்கும் தம்மையும் பார்க்க முடிந்த அந்த மூளையைக் கண்டு வியந்ததையும் வால்டானோ பலமுறை விளக்கியிருக்கிறார். கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்ட ஒரு நிகழ்வை மைதானத்துக்குள்ளிருந்தே கண்டவர், அதை ஆராயும் பொறுமையும் சொல்லும் மொழியும் வாய்க்கப்பெற்றிருந்தது கால்பந்தின் நற்பேறு. மேதையாக இராமல், மேதையின் அருகில் ஓடியவராக இருந்ததே அவருடைய பார்வைக்குக் கூர்மை சேர்த்தது.

1987இல், 31 வயதில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோயால் அவர் ஆட்டத்தை விட நேர்ந்தது. 1990 உலகக் கோப்பைக்காக ஓய்விலிருந்து திரும்பி, மாதக்கணக்கில் கடும் பயிற்சி செய்து, போட்டி தொடங்குவதற்குச் சற்று முன் அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

பயிற்சியாளராகவும் அவர் வரலாற்றில் இடம்பெற்றார். 1992இலும் 1993இலும் பருவத்தின் கடைசி நாளில் அவருடைய சிறிய டெனெரிஃபே அணி ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்ததால், இரு முறையும் பட்டம் பார்சலோனாவுக்குப் போனது; பின்னர் மாட்ரிட்டுக்கே பயிற்சியாளராகி 1994-95 பருவத்தின் லீக் பட்டத்தை வென்றார். 1994 அக்டோபரில் 17 வயது ரவுல் கொன்சாலெஸைச் சரகோசாவில் களமிறக்கியதும், முதல் ஆட்டத்தில் வாய்ப்புகளை வீணாக்கிய அச்சிறுவனை ஒதுக்காமல் அடுத்த வாரமும் ஆடவைத்ததும், இளம் வீரரின் அச்சத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் முடிவுகள்.

எழுத்துலகில் அவருடைய பெரும்பணி 1995இல் வெளிவந்த கால்பந்துச் சிறுகதைத் தொகுப்பு. உருகுவேயின் மாரியோ பெனெடெட்டி, பராகுவேயின் ரோவா பாஸ்டோஸ், ஸ்பெயினின் ஹாவியர் மரியாஸ் போன்றோரின் கதைகளை அவர் ஒன்று திரட்டினார். 1998இல் இரண்டாம் தொகுதியும் வந்தது. தென்னமெரிக்க அறிவாளர் பலருக்குக் கால்பந்து மக்களை மயக்கும் கேளிக்கையாகவே தோன்றியது. அந்த ஆட்டத்தை வெளிப்படையாக வெறுத்த அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸ், மரடோனாவின் அந்தக் கோலுக்கு எட்டு நாள்கள் முன்னர்தான் ஜெனீவாவில் காலமானார். நூலகத்துக்கும் மைதானத்துக்கும் இடையே நிலவிய இந்தப் பகையைத் தணிக்க, உலகக் கோப்பை வென்ற ஒருவர் இலக்கியவாதிகளை வாசகராக அணுகியது பெரிதும் உதவியது.

அவருடைய நூல்கள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. தலைமைப் பண்பு பற்றி நிறுவன மேலாளர்களுக்காக எழுதியவற்றில், மைதான அனுபவம் பொது அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. தோல்வியையும் பயத்தையும் தனிமையையும் எழுதும் பக்கங்களிலும், 'எல் பாய்ஸ்' நாளிதழின் கட்டுரைகளிலும்தான் அவர் முழுமையாக வெளிப்படுகிறார். அர்ஜென்டினாவில் 'பொத்ரேரோ' எனப்படும், புல்லற்ற, மேடுபள்ளமான திறந்த வெளிகளில் எவரும் கற்றுக்கொடுக்காமல் சிறுவர்கள் கற்ற ஏமாற்றுக் கலையை, சமதளப் புல்வெளியும் கணினிப் புள்ளிவிவரமும் கொண்ட இன்றைய பயிற்சிக் கூடங்கள் எவ்வாறு ஈடுசெய்யப் போகின்றன என்பதே அங்கு அவர் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்வி.