வாத்து ஏன் விழவில்லை?

பூதலூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பரணில் கிடந்த டிவி கேம் பெட்டியை மகனுக்காகப் புது எல்.இ.டி. டிவியில் மாட்டினேன். படம் வருகிறது. துப்பாக்கியால் எத்தனை முறை சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி பழுதாகிவிட்டதா?"

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். அதற்கு வேண்டிய டிவிதான் உங்கள் வீட்டில் இல்லை.

வீடியோ கேம் நிருபராக நான் போய்வந்த கண்காட்சிகளை நினைத்தால், புதுக் கேம்களைவிட இந்தத் துப்பாக்கிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்காமில் பழைய கேம்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆர்வலர்கள் கனத்த டப்பா டிவிகளைச் சுமந்துவந்து வரிசையாக வைத்திருப்பார்கள். பெரிய நிறுவனங்களின் அரங்குகளில் காது கிழியும். இங்கே ஓர் அப்பா மகளுக்கு நிதானமாகக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுப்பார். அங்கிருந்து எனக்குக் கிளம்பவே மனம் வராது.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. குழலுக்குள் இருப்பது லென்ஸும் ஒளி உணரியும் மட்டுமே. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். மின்வெட்டு இரவில் எதிர் வரப்பில் யாராவது பீடி பற்றவைத்தால் ஆள் நிற்கும் இடம் தெரிந்துவிடுமே, அப்படித்தான். இரண்டு வாத்துகள் என்றால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கணத்தில் ஒளி கிடைத்தது என்பதை வைத்து, விழவேண்டிய வாத்து எது என்று பெட்டி முடிவு செய்யும். ஒரு கணம் என்பது வினாடியில் 50 அல்லது 60-ல் ஒரு பங்கு.

பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றலாமா? முடியாது. டப்பா டிவியில் எலக்ட்ரான் கற்றை வினாடிக்கு 15,000-க்கும் மேற்பட்ட கோடுகளாகப் படத்தை வரைகிறது. அந்தத் துடிப்புள்ள ஒளியைத்தான் ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோவின் துப்பாக்கி ஏற்கும். எல்.இ.டி. டிவி அப்படி வரைவதில்லை. படம் காட்டுவதிலும் சற்றுப் பிந்தும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1970-ல் நின்டெண்டோ விற்ற பொம்மைத் துப்பாக்கி நிஜமாகவே ஒளியை வீசியது. இலக்கில் இருந்த சோலார் செல் அதை வாங்கிக்கொண்டது. அதில் உழைத்தவர்கள் குன்பெய் யோகோயும், அப்போது ஷார்ப் நிறுவனத்தில் இருந்த மசாயுகி உஎமுராவும். 1984-ல் வாத்து வேட்டை கேம் வந்தபோது எல்லாம் தலைகீழ்: இலக்கு ஒளிர்ந்தது, துப்பாக்கி பார்த்தது.

2006 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும் இந்த டப்பா டிவிகள்தான். இன்று அவை பழைய இரும்புக் கடைகளில் உடைபடுகின்றன. கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துக் கொட்டுவது மண்ணுக்குக் கேடு. அதற்கு முறையான மறுசுழற்சி வேண்டும். அதோடு, பள்ளிக்கு ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். புத்தகத்தில் படமாக மட்டும் பார்க்கும் எலக்ட்ரான் கற்றை கண்ணெதிரே வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

வாசகரே, உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது அந்த டிவி இருக்கும், கேட்டு வாங்குங்கள். பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். மற்றபடி, மகனைச் சுடச் சொல்லுங்கள். வாத்து விழும்.