402 மீட்டர் ரேஸில் இன்ஜின் உடைந்தால் என்ன நடக்கும்? ஃபினிஷ் கோட்டுக்கு அப்புறம்தான் ஆபத்து

2024 ஜூன் 23. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிராக் ரேஸ் நடக்கிறது. 16 முறை சாம்பியனான ஜான் ஃபோர்ஸுக்கு அப்போது வயது 75. பக்கத்து லேன்காரரை முந்தி ஃபினிஷ் கோட்டைத் தொடுகிறார். ரேஸை ஜெயித்தாச்சு. அந்தக் கணத்திலேயே இன்ஜின் வெடிக்கிறது. மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேல் போய்க்கொண்டிருந்த கார் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் சுவரில் மோதுகிறது. மூளையில் பலத்த காயத்தோடு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பிறகு அவர் போட்டியில் கார் ஓட்டவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரேஸ் முடிந்த பிறகுதான் விபத்து ஆரம்பிக்கிறது.

"அது அமெரிக்கா, அது ராக்கெட் மாதிரி கார், நமக்கென்ன?" என்று கேட்கலாம். தம்பானூரில் ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்கி டெக்னோபார்க் வேலைக்குப் போகும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பசங்களுக்கு கழக்கூட்டம் - கோவளம் பைபாஸ் நன்றாகவே தெரியும். அகலமான, நேரான ரோடு. ராத்திரியானால் அங்கே ரேஸ் ஓடுகிறது, ஸ்டண்ட் நடக்கிறது என்ற புகார் புதிதல்ல. 2023 ஜனவரியில் கோவளம் அருகே அந்த பைபாஸில் அதிவேகமாக வந்த பைக் மோதி, ரோட்டைக் கடந்த பெண்ணும் பைக் ஓட்டிய இளைஞரும் இறந்துபோனார்கள். அது ரேஸா, வெறும் ஓவர்ஸ்பீடா என்று பிறகு விவாதம் நடந்தது. சென்னையில் ஈசிஆர் ஓரம் குடியிருப்பவர்களும் இதே மாதிரி கதைகள் சொல்வார்கள்.

அந்த வேகத்தில் இன்ஜின் கைவிட்டால் காருக்குள் என்னதான் நடக்கிறது?

இன்ஜின் எப்படி உடைகிறது?

டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் யார் முதலில் போகிறார்கள் என்பதுதான். வளைவு கிடையாது. அதனால் இன்ஜின் ஓடுகிற நேரம் முழுக்க உச்சத்திலேயே ஓடுகிறது.

மேனுவல் கார்களில் முதல் வில்லன் தப்பான கியர். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு லிவரை நேராகக் கீழே இழுக்க வேண்டும். பதற்றத்தில் கை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் இரண்டாவதில் விழும். அப்போது 6,500 ஆர்பிஎம்மில் ஓடிய இன்ஜின், கிளட்சை விட்ட அடுத்த நொடியே 9,000-ஐத் தாண்டலாம். "ரெவ் லிமிட்டர் இருக்கே, பார்த்துக்கும்" என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அது எரிபொருளை மட்டும்தான் நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கும். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்து வெளியே வரும்.

இரண்டாவது வில்லன் ரீமேப். லேப்டாப்பைச் செருகி, டர்போ பூஸ்ட்டை ஏற்றி, "ஸ்டேஜ் 1" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கூலிங், பெட்ரோல் பம்ப், கிளட்ச், பிரேக் எல்லாம் பழசாகவே இருக்கும். கலவையில் எரிபொருள் குறைந்து நாக்கிங் ஆரம்பித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது.

டீசல் காரில் இன்னொரு பயங்கரம் உண்டு. டர்போவின் ஆயில் சீல் போனால் இன்ஜின் தன்னுடைய ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் அணையாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஏறிக்கொண்டே போகும்.

இன்ஜின் போனால் ஸ்டியரிங் ஏன் போகணும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இன்ஜின் வெறுமனே அணைந்தால் கார் உருண்டு போய் நின்றுவிடும். பிரச்னை அது உடையும் விதத்தில் இருக்கிறது.

இன்ஜின் உள்ளுக்குள் இறுகி 'சீஸ்' ஆனால், கியரில் இருக்கும் வரை அதனோடு இணைந்த சக்கரங்களும் லாக் ஆகும். நம்ம ஊர் ஹேட்ச்பேக், செடான்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது. அதே முன்சக்கரம்தான் திருப்பவும் செய்கிறது. சுழலாமல் தேய்ந்துகொண்டே போகும் டயருக்கு திருப்பும் சக்தி இல்லை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேராகவே போகும்.

பிளாக் உடைந்தால் கதை வேறு. சாதாரண காரில் சுமார் நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். அது காருக்கு அடியில் கொட்டுகிறது. பின்சக்கரங்கள் அதன் மேலேயே ஏறுகின்றன. ஓட்டுபவர் பயந்து பிரேக்கை மிதிக்கிறார். எடை முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது, ஆயிலில் நனைந்த பின் டயர் வழுக்குகிறது. கார் பம்பரமாகச் சுற்றுவது இப்படித்தான். ரேஸ் கார்களில் பெரும்பாலும் பின்சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது. அதன் கீழே ஆயில் போனால் இன்னும் மோசம். அதனால்தான் டிராக் கார்களில் இன்ஜினுக்கு அடியில் ஆயிலைப் பிடிக்க ஒரு போர்வை கட்டுகிறார்கள். அதற்குப் பெயரே 'டயப்பர்'. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பக்கத்து லேன்காரர் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றுவது அதுதான்.

97 மீட்டரைக் குறைத்த விபத்து

2008 ஜூன் 21, நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுன். இரண்டு முறை சாம்பியனான ஸ்காட் கலிட்டா தகுதிச் சுற்றில் ஓடுகிறார். ஃபினிஷ் கோட்டுக்கு அருகே இன்ஜின் வெடிக்கிறது. பின்னால் விரிய வேண்டிய பாராசூட்கள் சேதமாகிவிட்டன. டிராக்குக்குப் பிறகு வேகம் குறைய விட்டிருந்த தூரம் முழுவதும் ஓடியும் கார் நிற்கவில்லை. கடைசியில் இருந்த தடுப்புகளையும் தாண்டி மோதியது. 46 வயதில் இறந்தார்.

போட்டிகளை நடத்தும் என்ஹெச்ஆர்ஏ அடுத்த சில நாட்களிலேயே, அந்த அதிவேகப் பிரிவுகளின் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தது. மீட்டரில் 402 போய் 305 ஆனது. டிராக் நீளம் மாறவில்லை. ரேஸிலிருந்து வெட்டிய 97 மீட்டர், நிற்பதற்கான தூரத்தில் சேர்ந்தது. இன்ஜின் வெடித்தால் எரிபொருளைத் தானே நிறுத்தி, பாராசூட்டைத் தானே விரிக்கும் கருவியும் வந்தது. அந்த நேரத்தில் டிரைவரின் கையை நம்ப முடியாது என்பதால்தான்.

இப்போது இதே கணக்கை பைபாஸில் போட்டுப் பார்ப்போம். நல்ல டர்போ செடான் ஒன்று 402 மீட்டர் முடிவில் சுமார் 140 கிமீ வேகத்தில் இருக்கும். நொடிக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர். சுதாரித்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி. பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல டயரில் நிற்க 110 மீட்டர். ஆக மொத்தம் 150 மீட்டர். ஆயிலோ மழையோ டயரின் பிடியைப் பாதியாக்கினால் அது 250 மீட்டரைத் தாண்டும். அந்த 250 மீட்டருக்குள் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு ஆட்டோ திரும்பலாம், ஒருவர் ரோட்டைக் கடக்கலாம்.

2025 ஜனவரியில் துபாய் பயிற்சியில் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை நாம் எல்லோரும் ஃபார்வர்டு செய்தோம். அவர் காயமின்றி இறங்கி நடந்தார். தைரியம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரோல் கேஜ், ஆறு முனை பெல்ட், தலையையும் கழுத்தையும் பிடிக்கும் கருவி, மோதலை வாங்கிக்கொள்ளும் தடுப்பு, ஓடிவர ஆட்கள் என்று எல்லாம் அங்கே இருந்தன. பைபாஸில் மின்கம்பம்தான் இருக்கிறது.

ஆசை தப்பில்லை. அதற்கு இடம் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஒரு காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடத்தியது. இப்போது அதற்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் உண்டு. பைக்குகளுக்கான தேசிய டிராக் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. எங்கே போனாலும், அங்கே பரிசோதிக்காத வண்டியை லைனுக்கு விடமாட்டார்கள்.

ஓடும் காரில் இன்ஜின் போனால்?

ரேஸே ஓட்டாதவர்களுக்கும் இது தேவைப்படும். முதல் வேலை கிளட்சை முழுசாக மிதிப்பது. ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல். சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உள்ள தொடர்பு அறுந்தால் லாக் ஆன டயர் மறுபடி சுழலும், ஸ்டியரிங் திரும்ப வரும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். இன்ஜின் நின்றபின் பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே வாக்யூம் மிச்சம் இருக்கும். ஒரே அழுத்தாக அழுத்துங்கள், ஏபிஎஸ் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வண்டி நிற்கும் வரை சாவியை உருவவே கூடாது, ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும். நின்றபின் புகை வந்தால் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்காமல் தள்ளி நில்லுங்கள்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை போகும். அனுமதியில்லாத மாடிஃபிகேஷனுக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. யாராவது இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவு, 5 வருடம் வரை.

5,000 ரூபாய் என்றதும் பலர் தோளைக் குலுக்குவார்கள். உங்கள் பாலிசி பேப்பரை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரியைப் படியுங்கள். ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் கவர் இல்லை என்று அதில் இருக்கும். உங்கள் கார் போனால் போகட்டும். ரோட்டில் நடந்துபோனவர் அடிபட்டு அவர் குடும்பம் இழப்பீடு கேட்டாலும், ஒழுங்குபடுத்திய ரேஸுக்கோ வேகச் சோதனைக்கோ வண்டி பயன்பட்டது என்று சொல்லி பொறுப்பிலிருந்து விலக 150-வது பிரிவு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வழி தருகிறது. அந்த வாதம் நின்றுவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் தொகை, பல லட்சமாக இருந்தாலும், கடைசியில் வண்டி உரிமையாளர் தலையில்தான் வந்து விழும். பல வீடுகளில் ஆர்சி புத்தகத்தில் இருப்பது அப்பா பெயர்.