மனை இருந்தால்தானே வீடு

சாலைக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, இந்தப் பக்கம் நகராட்சி. விழுப்புரத்தைச் சுற்றிலும் திண்டிவனத்தைச் சுற்றிலும் இப்படி எல்லை பிரிக்கும் சாலைகள் பல. இரண்டு பக்கமும் கீற்றுக் கொட்டகைகள் இருக்கின்றன. ஐப்பசி பிறந்தால் இரண்டும் ஒழுகும். ஆனால் அரசின் கணக்கில் இரண்டுக்கும் மதிப்பு வேறு. ஊராட்சிப் பக்கத்துக் குடிசைக்காரர் கையில் பட்டா இருந்து, பயனாளிகள் பட்டியலில் பெயரும் இருந்தால், 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடு கட்ட 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். நகராட்சிப் பக்கத்துக்காரருக்கு அந்தத் திட்டம் கிடையாது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளி தன் மனையில் தானே கட்டிக்கொள்ளும் பிரிவில், அவருக்குக் கிடைத்துவந்தது 2 லட்சத்து 10 ஆயிரம். மத்திய அரசின் பங்கு ஒன்றரை லட்சம், மாநிலத்தின் பங்கு 60 ஆயிரம். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் இது இரண்டரை லட்சமாகியிருக்கிறது. அப்போதும் ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. செங்கல்லும் சிமென்டும் கம்பியும் எல்லைக்கல்லைப் பார்த்து விலை குறைவதில்லை.

2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகராட்சியின் மக்கள்தொகை 96,253. திண்டிவனத்தில் 72,796. அதற்குப் பிறகு இரண்டு ஊர்களும் வீங்கியிருக்கின்றன என்பதைச் சொல்ல அடுத்த கணக்கெடுப்பு வர வேண்டியதில்லை; பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம் எந்தத் திசையில் போனாலும் தெரியும். கட்டட வேலைக்கும், லாரி பட்டறைக்கும், மண்டிக்கும், ஓட்டலுக்கும் வந்தவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று தேடினால், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ரயில்பாதை ஒட்டியும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பணத்தை முதலில் பார்த்துவிடலாம். சின்னதாக 300 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று மேஸ்திரி குறைத்துச் சொன்னாலும் 6 லட்சம் வேண்டும். நகராட்சிப் பக்கத்தில் அரசு தருவது இரண்டு, இரண்டரை லட்சம். மிச்சத்துக்குக் குழு லோன், நகைக் கடன், கந்துவட்டி. அரசுப் பணமும் மொத்தமாக வருவதில்லை. பேஸ்மென்ட் முடிந்ததும் ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் ஒன்று, ரூஃப் போட்டதும் ஒன்று, பூச்சு வேலை முடித்துக் கதவு வைத்ததும் கடைசித் தவணை. பணம் தவறான வழியில் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் பேஸ்மென்ட் போடுவதற்கான பணமே இல்லாதவர்தான் குடிசையில் இருக்கிறார். முதல் தவணை வாங்குவதற்கு முன்பே அவர் கடன்காரராகிவிடுகிறார். லிண்டல் வரை எழும்பிச் செடி முளைத்து நிற்கும் சுவர்களை நம் ஊர்ப் புறநகர்களில் பார்த்தவர்களுக்கு, அவை ஏன் அப்படி நிற்கின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

திட்டங்களுக்குப் பஞ்சம் இருந்ததேயில்லை. 1985-இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-இல் ஆட்சி மாறியதும் சூரிய ஒளி விளக்குகளோடு 300 சதுர அடிப் பசுமை வீடுகள், ஒன்று 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயில். பிறகு பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம். மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்து தரும் 1 லட்சத்து 20 ஆயிரத்தில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் தமிழக அரசு இன்னொரு 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தன் கையிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. 2024 பட்ஜெட்டில் கனவு இல்லம்: 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகளுக்கு 3,500 கோடி ரூபாய். இத்தனைக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. மனை உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

அந்த ஒரு வரியில்தான் மிகவும் ஏழையானவர் வெளியே நின்றுவிடுகிறார்.

வருவாய்த் துறை மொழியில் புறம்போக்கு இரண்டு வகை: ஆட்சேபணையற்றது, ஆட்சேபணைக்குரியது. ஏரி, குளம், வாய்க்கால், சாலை ஆகியவை இரண்டாவது வகை. அங்கே முப்பது வருடம் குடியிருந்து, ரேஷன் அட்டையும் மின் இணைப்பும் வாக்காளர் அட்டையும் வாங்கியிருந்தாலும் பட்டா கிடையாது. ஏரிகளைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது. அது வேண்டிய சட்டம்தான். கோயில் நிலத்தில் இருப்பவர் கதை வேறு; வாடகை கட்டலாம், பட்டா கேட்க முடியாது. முதல் வகையான ஆட்சேபணையற்ற புறம்போக்கில் இருப்பவர்களுக்குக்கூட நகராட்சி எல்லையைச் சுற்றிப் பட்டா தருவதற்குத் தடைகள் நெடுங்காலம் இருந்தன. 2025 பிப்ரவரியில்தான் தமிழக அமைச்சரவை, சென்னையைச் சுற்றிய பகுதிகளிலும் மற்ற மாநகராட்சி, நகராட்சி, மாவட்டத் தலைநகரப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 86 ஆயிரம் பேருக்குப் பட்டா வழங்க முடிவெடுத்தது. அதில் 57 ஆயிரத்துச் சொச்சம் பேர் சென்னைக்கு வெளியே இருப்பவர்கள். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களுக்கு எந்த வீட்டுத் திட்டத்தையும்விட இந்த முடிவு பெரியது. வீடு கட்டித் தரும் துறையால் செய்ய முடியாததை வருவாய்த் துறையின் ஒரு கையெழுத்து செய்துவிடும்.

கையெழுத்துக்காகக் காத்திருப்பதில் இருளர்களைப் போலப் பழகியவர்கள் இந்த மாவட்டத்தில் யாருமில்லை. மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரி தர வேண்டும். திண்டிவனம் பகுதியில் சார் ஆட்சியர். விசாரணை, வி.ஏ.ஓ. அறிக்கை, மறுபடி விசாரணை என்று அலைந்து சான்றிதழ் வாங்கினால்தான் பழங்குடியினருக்கான மனைப் பட்டா, பட்டா இருந்தால்தான் வீடு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி வழிநடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாக இந்தச் சான்றிதழுக்காகவும் பட்டாவுக்காகவும் மனுக்களோடு நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கியவை என்று மத்திய அரசு பிரித்துவைத்திருக்கும் ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒன்று. அவர்களுக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. போதாது என்று மாநில அரசு அதன்மேல் கூடுதல் பணம் போடுகிறது. நல்ல காரியம். செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு கல் அறுப்பவர்கள் இவர்கள். இவர்கள் அறுத்த கல் எத்தனையோ ஊர்களில் சுவராக நிற்கிறது. இவர்களில் பலர் இன்னமும் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறார்கள். இந்தக் கடன் வெறும் வீட்டுவசதிக் கணக்கில் தீரக்கூடியது என்று தோன்றவில்லை.

மனையும் கிடைத்து, வீடும் கட்டி முடித்து, அப்புறமும் குடியேற முடியாமல் போனதற்கு இந்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. வானூர் வட்டத்துக் கொழுவாரியில் பெரியார் நினைவு சமத்துவபுரம் ஒன்று 2010-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. நூறு வீடுகள். ஆட்சி மாறியது, வீடுகள் திறக்கப்படவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்து, பிறகு பழுது பார்க்கப்பட்டு, 2022 ஏப்ரல் 5-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து திறந்துவைத்தார். கட்டும்போது ஐந்து வயதாக இருந்த பிள்ளை, திறக்கும்போது பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கும். எந்தக் கட்சி கட்டியது என்பது அந்தப் பிள்ளைக்கு என்ன முக்கியம்?

சமத்துவபுரத்தின் யோசனை பெரியது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டபோது நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று பங்கிட்டார்கள். சேரி தனி, ஊர் தனி என்று பிரிந்து கிடக்கும் மண்ணில் ஒரே தெருவில் எல்லாச் சாதியும். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால், 1989-இல், சிங்கப்பூரும் இதே போல யோசித்தது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஒவ்வொருவரும் ஒரு புளோக்கில் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். தமிழர்கள் உட்பட அந்நாட்டவரில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இன்று கழக வீடுகளில்தான் வாழ்கிறார்கள். அங்கே அது ஊரின் மையத்திலும் ரயில் நிலையத்து வாசலிலும் நடந்தது. இங்கே சமத்துவபுரங்கள் ஊருக்கு வெளியே, நிலம் கிடைத்த இடத்தில் அமைந்தன. இந்த வேறுபாடு சின்னதல்ல.

இடம் எங்கே என்ற கேள்வியில் குடிசை மாற்று வாரியம் பட்ட அடி எல்லோருக்கும் தெரியும். 1970-இல் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அந்த வாரியம், சென்னைக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கில் பெயர்த்தது. வீடு கிடைத்தது; வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் இருபது கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. விழுப்புரம் போன்ற ஊரில் இருபது கிலோமீட்டர் வேண்டாம், ஐந்து போதும். காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டிய கூடைக்காரிக்கு முதல் பஸ் ஆறரைக்கு என்றால் அந்த வீட்டால் பயனில்லை. வாரிய அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல், பயனாளியின் பங்குத் தொகை. லட்சத்துக்கு மேல் கட்டச் சொன்னால், கட்ட முடிந்தவர் வருகிறார். யாருக்காகக் கட்டினார்களோ அவர் வாய்க்கால் ஓரத்திலேயே இருந்துவிடுகிறார்.

அங்கே இருப்பதன் விலை என்னவென்று 2024 நவம்பர் 30 இரவு தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி நகராமல் நின்றது. திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணையும் ஏரிகளும் உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர், தாழ்ந்த இடத்தில் இருந்தவர்களைத்தான் முதலில் தேடிப் போனது. சேதமான குடிசைக்கு 10 ஆயிரம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்தபோதும் இதே நிலைதான். அப்போது புயல் பாதித்த பகுதிகளின் குடிசைகளுக்கு மாற்றாக 1 லட்சம் கான்கிரீட் வீடுகள் அறிவிக்கப்பட்டன. பட்டா உள்ளவர்களின் குடிசைகள் மாறின. கரையோரக் குடிசைகள் மறுபடி கீற்று வேய்ந்துகொண்டன.

கட்டும் செலவைக் குறைக்க ஒரு வழி இதே மாவட்டத்தில் உருவானது. ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம், உள்ளூர் மண்ணோடு 5 சதவீதம் அளவுக்குச் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்திக் கற்களைச் செய்கிறது. சூளையும் விறகும் வேண்டாம். அந்தக் கல்லில் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-இல், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்காக எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் வழங்கப்படும் சர்வதேச விருது கிடைத்தது. உலகின் பல நாடுகளிலிருந்து வந்து கற்றுப் போகிறார்கள். இதே மாவட்டத்துத் திண்டிவனத்தில், அரசு வீடு என்றால் இன்னமும் சூளைக் கல்லும் சிமென்டும்தான்.

இனி வரப்போவது இன்னும் நெருக்கடியான காலம். திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அரசோடு ஒப்பந்தம் போட்டது. தென்னிந்தியாவில் அதற்கு அதுவே முதல் ஆலை. ஆலைகள் வரட்டும், நல்லதே. கூடவே ஆட்கள் வருவார்கள், வாடகை ஏறும். காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பைச் சிப்காட் 2024-இல் கட்டி முடித்தது. விழுப்புரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் 'தோழி' விடுதி இருக்கிறது. திண்டிவனத்தில் ஆலைகள் பெருகுவதற்கு முன்பே இவை போன்றவற்றுக்கு இடம் குறித்துவைப்பது நல்லது. மனை விலை ஏறிய பிறகு நகராட்சியால் ஒரு சென்ட்கூட வாங்க முடியாது.

ஆனால் நிலமே இல்லை என்று இரண்டு நகராட்சிகளும் கை விரிக்கவும் முடியாது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வண்ணக் கொடிகள் பறக்கின்றன. நேற்று மணிலா போட்ட கொல்லைகள் இன்று கல் நட்ட மனைப் பிரிவுகள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சிறு மனைகளாக ஒதுக்கப்பட வேண்டும். அனுமதி வரைபடத்தில் அந்த மனைகள் எண்ணோடு இருக்கும். அவை யாருக்குப் போயின, எந்த விலைக்குப் போயின, ஒன்றாகச் சேர்க்கப்பட்டுப் பெரிய மனைகளாக விற்கப்பட்டனவா என்று பார்ப்பதற்குப் புதுத் திட்டமோ புது நிதியோ வேண்டாம்.

விழுப்புரத்தின் 42 வார்டு உறுப்பினர்களும் திண்டிவனத்தின் 33 வார்டு உறுப்பினர்களும் அடுத்த மன்றக் கூட்டத்தில் கேட்க வேண்டியது இதைத்தான்: 2019 முதல் நம் ஊரிலும் நம்மைச் சுற்றியும் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளில் அந்தப் பத்து சதவீத மனைகள் எவை? எண்ணோடு பட்டியல் எடுத்து நகராட்சி வாசலில் ஒட்டுங்கள். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பவர்கள் அதைப் படித்துக்கொள்வார்கள்.