இயற்கை நிறம் எல்லாம் ஹலால் நிறமா?

ஹட்டன் பக்கம் பேக்கரி நடத்தும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏஜன்ட் ஒருவர் 'இயற்கை நிறம்' என்று புதிதாக ஒரு போத்தல் கொண்டுவருகிறார். வழமையான சிவப்பை விட விலை கூட. உலகமே இதற்குத்தான் மாறுகிறதாம். வாங்கலாமா நானா?" பெருநாள், தீபாவளி, நத்தார் என்று கேக்கும் லட்டும் பலூதாவும் விற்பனையாகும் மலையகத்தில் இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. அதனால்தான் இவ்வாரம் இதனை எழுதுகிறேன்.

உலகம் மாறுவது உண்மைதான். செயற்கை நிறமூட்டிகள் ஆறில் ஒன்று சேர்ந்திருந்தாலும், சிறுவர்களின் கவனத்தையும் நடத்தையையும் அது பாதிக்கக்கூடும் என்று பக்கற்றில் அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் எரித்ரோசின் எனப்படும் சிவப்பு 3 இற்கான அனுமதியை இரத்துச் செய்தது. உணவு உற்பத்தியாளர்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. கிராப்ட் ஹெய்ன்ஸ், நெஸ்லேயின் அமெரிக்கக் கிளை போன்ற பெரிய கம்பனிகளும் செயற்கை நிறங்களைக் கைவிடுவதாக 2025 ஜூனில் அறிவித்தன. தமிழ்நாட்டில் 2024 பெப்ரவரியில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது. துணிச் சாயமான ரொடமின் பி அதில் கலந்திருந்ததே காரணம்.

இங்கே ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். ரொடமின் பி உணவுக்கே ஆகாதது. சட்டம் அனுமதித்த செயற்கை நிறத்தை அனுமதித்த அளவுக்குள் பாவிப்பது வேறு விடயம். நமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் இதனைக் கட்டுப்படுத்துகின்றன. லேபல் இல்லாத நிறத்தூளைச் சில்லறையாக வாங்கிக் கண்ணளவில் போடுகிறவருக்குத்தான் முதல் ஆபத்து.

இனி ஏஜன்டின் போத்தலுக்கு வருவோம். 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மரக்கறியையும் பூவையும் நினைக்கிறோம். ஆனால் உலகில் அதிகம் பாவிக்கப்படும் இயற்கைச் சிவப்புகளில் ஒன்று கார்மைன். லேபலில் ஈ 120 அல்லது கொச்சினீல் என்றும் இருக்கும். இது கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுக்கும் நிறம். பெரும்பகுதி பெரு நாட்டிலிருந்து வருகிறது. ஓர் இறாத்தல் சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் தேவை என்பார்கள். ஷாபிஈ மத்ஹபில் வெட்டுக்கிளி தவிர்ந்த பூச்சிகளை உண்ணக் கூடாது என்பதே அறியப்பட்ட நிலைப்பாடு. இந்தோனேசிய உலமா சபை 2011 இல் கொச்சினீலை ஆகுமாக்கியது. அதே நாட்டில் கிழக்கு ஜாவா நஹ்ததுல் உலமாவினர் 2023 இல் கூடாது என்றார்கள். உலமாக்களுக்கிடையிலேயே கருத்து வேறுபாடு உள்ள விடயத்தில், வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நாம் முடிவெடுப்பது நியாயமல்ல. நமது இந்து, பௌத்த சகோதரர்களில் சைவ உணவுக்காரரும் இதனை விரும்பமாட்டார். ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2012 இல் சைவ உணவாளர்களின் எதிர்ப்பினால் கொச்சினீலை விட்டுத் தக்காளியிலிருந்து எடுக்கும் நிறத்துக்கு மாறியது.

எனவே ஏஜன்டிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நிறம் எதிலிருந்து எடுக்கப்பட்டது? எதில் கரைக்கப்பட்டது, மதுசாரமா? தூளாக்க எது சேர்க்கப்பட்டது? கரட் நிறமான பீற்றா கரோட்டினைக் கூட ஜெலட்டினில் பொதிந்து விற்பதுண்டு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஹலால் சான்றிதழ் இருந்தால் அது போத்தலில் உள்ள அதே பொருளுக்கானதா என்று பாருங்கள். இலங்கையில் 2014 முதல் ஹலால் தரச்சான்று சபை இப்பணியைச் செய்து வருகிறது.

அடுத்தது தொழில் பக்கம். பீற்றூட்டும் கரட்டும் நுவரெலியாவிலேயே விளைகின்றன. ஆனால் பீற்றூட் நிறம் சூட்டைத் தாங்காது. அவணில் வேகும் கேக்கில் மங்கிவிடும். ஐஸ்கிரீம், பலூதா பாணி, ஐசிங் போன்ற சூடு படாதவற்றுக்கே அது பொருத்தம். சிவப்புக் கோவா நிறம் புளிப்பில் சிவக்கும், அப்பச்சோடா பட்டால் நீலமாகும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். பெரிய கம்பனிகளும் இதில் தடுமாறின. பிரித்தானியாவில் ஸ்மார்ட்டீஸ் 2006 இல் நீல நிறத்தையே நிறுத்தி, ஸ்பிருலினாப் பாசியிலிருந்து நிறம் கிடைத்தபின் 2008 இல் மீண்டும் கொண்டுவந்தது. ஜெனரல் மில்ஸ் தனது டிரிக்ஸ் தானிய உணவை 2016 இல் இயற்கை நிறத்துக்கு மாற்றியது. வாடிக்கையாளர் மங்கல் நிறத்தை விரும்பாததால் 2017 இல் பழையதையும் மீண்டும் விற்பனைக்கு விட்டது. ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு பண்டத்தில், ஒரு சிறிய தொகுதியில் செய்து, ஒரு வாரம் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பாருங்கள். பிறகு விலையைத் தீர்மானியுங்கள்.

இயற்கைப் பொருளிலும் கலப்படம் உண்டு. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இங்கு விலை கிலோவுக்குப் பல ஆயிரம் ரூபாவாக ஏறியதை மறந்திருக்கமாட்டீர்கள். விலை ஏறினால் கலப்படமும் ஏறும். பங்களாதேஷில் மஞ்சளைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேற்று சேர்த்தது 2019 இல் ஆய்வில் அம்பலமாகி, அரசு கடும் நடவடிக்கை எடுத்தது.

மலையக வியாபாரிக்கு இதனைத் தேயிலையை வைத்தே விளக்கலாம். நல்ல தேயிலையின் நிறம், கொழுந்து நொதிக்கும்போது தானாக உண்டாவது. கழிவுத்தூளுக்குச் சாயம் ஏற்றினால் அது நீண்ட நேரம் மறைந்திருக்காது. வெள்ளை வடிதாளில் தூளைப் பரப்பி நீர் தெளித்து, பிறகு தூளை அகற்றித் தாளைக் கழுவுங்கள். கறை தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள் ஈரத்தை உணர்ந்தபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டார்கள். நிற விடயத்திலும் நமக்குள்ள பொறுப்பு அதுதான். எந்த நிறத்தைப் போட்டீர்களோ அதன் பெயரைப் பக்கற்றில் எழுதுங்கள். ஹட்டன் சகோதரரிடமும் இதையே சொன்னேன்: மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை அந்தப் போத்தலை வாங்க வேண்டாம்.